நிர்வாக சபையும் கணக்குக் கேட்கும் உரிமையும்

முந்தல், உடப்பு போன்ற கரையோரக் கிராமங்களில் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் பொதுமக்கள் தம் சக்திக்கு மீறியும் வழங்குகின்றனர். அப்பணத்தைக் கையாளும் நிர்வாக சபையிடம் கணக்குக் கேட்பவரைப் பகைவராகப் பார்க்கும் வழக்கமே விசனத்துக்குரியது. கேட்பதற்குச் சட்டம் இடமளித்துள்ளது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் கணக்குகளைப் பேணிச் சமர்ப்பிக்க வேண்டுமென விதிக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் அமுலிலுள்ளது. இதன்கீழ் அரச பாடசாலையின் வரவு செலவை எப்பிரஜையும் கோரலாம். காரணம் கூறத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதிய உதவ வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் 2 மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

அரச நிதியோ வெளிநாட்டு அரசின் நிதியோ கணிசமாகப் பெற்றுப் பொதுச்சேவை புரியும் அரசசார்பற்ற நிறுவனங்களும் இச்சட்டத்துள் அடங்கும். ஊரவர் நன்கொடையால் மட்டுமே நடக்கும் கல்லூரியோ இதற்கு வெளியில் நிற்கக்கூடும். அங்கு யாப்பும் வருடாந்தப் பொதுக்கூட்டமுமே நன்கொடையாளருக்குள்ள பிடி. ஆகவே, பணம் கொடுக்கும் முன்னரே யாப்பின் பிரதியைக் கேட்டுப் பெறுதல் நலம்.