‘உன்னைப் பற்றி எழுது’: ஒரு சின்னப் பெட்டியின் பழைய கதை



கொஞ்சம் நீளமான பதிவு இது. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களின் வாப்பா, உம்மாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நம் ஊர்களுக்கு இப்போது புது மாதிரியான விண்ணப்பப் படிவங்கள் வருகின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், புலமைப்பரிசில் நிறுவனங்கள், பங்களாதேஷின் சிட்டகொங்கில் 2008இல் தொடங்கிய ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் போன்றவற்றின் படிவங்கள். பெறுபேறு கேட்பதோடு அவை நிற்பதில்லை. நீ யார், எந்தச் சூழலில் வளர்ந்தாய், ஏன் இந்தப் பாடம், நீ சந்தித்த கஷ்டம் என்ன என்று சின்னச் சின்னப் பெட்டிகள். 150 சொல், 250 சொல். பிரித்தானியாவில் 2026இல் சேர விண்ணப்பித்தவர்களிடம் பழைய ஒற்றைக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்டார்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளியும் உட்பட, 4000 எழுத்துகள்தான். மூன்று பாடத்திலும் ‘ஏ’ எடுத்த பிள்ளை இந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவைக் கடிக்கிறது.

பிள்ளையில் பிழை இல்லை. நம் நாட்டு முறை யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. நமது பல்கலைக்கழக அனுமதி இரண்டே விஷயங்களைத்தான் பார்க்கும்: எத்தனை புள்ளி, எந்த மாவட்டம். 2001 முதல் அந்தப் புள்ளி இசட் புள்ளியாகிவிட்டது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னாரும் புத்தளமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன.

இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எழுத்துப் பரீட்சை ஏழைக்கு ஒரு மதில். உன் வாப்பா யார் என்று வினாத்தாள் கேட்காது. 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் ஆனார். அங்கே போக வழி பரீட்சைதான். பரீட்சையில் தேறியும் படிக்கக் காசில்லாமல் நின்ற பிள்ளைகளைக் கண்டுதான் 1945இல் அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த மதிலையும் வளைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புள்ளியைத் தரப்படுத்தினார்கள். தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அது அடிதான். இதைப் பலர் மறந்துவிடுகிறோம். 1974இல் மாவட்டப் பங்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கதவைச் சாத்திய அந்த விதி மன்னாருக்கு ஒரு சாளரத்தைத் திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு அநியாயம் நடந்தது உண்மை, நமக்கு நன்மை கிடைத்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறு ஆகாது.

சரி, இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவில் இருந்து. அது அவ்வளவு அழகான கதையும் இல்லை.

100 வருடங்களுக்கு முன் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலும் பரீட்சையில் தேறினால் இடம் கிடைக்கும். குடியேறி வந்த ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்துத் தேறினார்கள். 1900இல் 100 மாணவரில் 7 பேர் யூதர். 1922இல் அது 21ஐத் தாண்டியது. தலைவராக இருந்த லோரன்ஸ் லோவெல்லுக்கு அது பொறுக்கவில்லை. யூதருக்கு வெளிப்படையாக ஒரு வரம்பு கட்டப் பார்த்தார், பேராசிரியர்கள் உடன்படவில்லை. ஆனால் 1922இலேயே விண்ணப்பப் படிவம் மாறத் தொடங்கிவிட்டது. உன் இனம் என்ன, மதம் என்ன, உன் தாயின் கல்யாணத்துக்கு முந்திய பெயர் என்ன, தந்தை எங்கே பிறந்தார், உன் பெயரையோ தந்தையின் பெயரையோ எப்போதாவது மாற்றியதுண்டா, மாற்றியிருந்தால் விளக்கு. 1926இல் ‘குணநலன்’ என்பதும் கணக்கில் வந்தது, புகைப்படமும் கேட்டார்கள். புள்ளியைக் குறைக்க முடியாது. குணத்தைக் குறைத்துவிடலாம் அல்லவா? யூத மாணவர் தொகை இறங்கியது. மாணவனின் ‘ஆளுமை’யைக் கேட்கும் இன்றைய கட்டுரைப் பெட்டி அந்த வழியில் வளர்ந்து வந்தது.

கேட்கப்பட்டவர்கள் யூதர்கள், நமக்கென்ன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெயரைப் பார்த்து ஆளை நிறுப்பது எப்படியிருக்கும் என்று 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கதை அங்கே முடியவுமில்லை. 2023 ஜூன் 29இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், மாணவர் அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் தாமே எழுதினால் அதை வாசிக்கத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆளை வெளியே நிறுத்த வந்த பெட்டி, வெளியே நிற்பவன் தன் குரலை உள்ளே அனுப்பும் வழியாகிவிட்டது.

இனி நம் கதைக்கு வருவோம்.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், விடத்தல்தீவு, முசலிப் பக்கத்து ஊர்கள் எல்லாம் சில நாட்களில் காலியாகின. தீவில் இருந்தவர்கள் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கையில் கொண்டு போகக் கூடிய காசுக்கும் ஊருக்கு ஊர் ஒரு வரம்பு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ் என்று எத்தனையோ கடதாசிகள் வீடுகளிலேயே கிடந்து போயின.

கிடுகுக் கொட்டிலுக்குள் போனதும் நம்மைத் தேடி வந்தவை படிவங்கள்தான். பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், சொந்த ஊர், எப்போது வந்தீர்கள். உலர் உணவுக்கு ஒரு படிவம், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க ஒரு படிவம், தொலைந்த சான்றிதழுக்கு இன்னொன்று. ஒரு தலைமுறை முழுக்க ‘அகதி’ என்ற ஒரு சொல்லால் தன்னை எழுதிக் காட்டி வாழ்ந்தது.

பிறகு பல்கலைக்கழகப் படிவம். விதிப்படி, கடைசி மூன்று வருடங்கள் படித்த பாடசாலை எந்த மாவட்டமோ அதுதான் பிள்ளையின் மாவட்டம். அகதி முகாமில் இருந்து படிக்கும் பிள்ளை எந்த மாவட்டம்? எங்கள் இடங்களில் பங்கு போகிறதே என்று புத்தளத்து மக்களுக்கு மனக்குறை வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கதவைத் திறந்து, சோறு தந்து, காணி தந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மாவட்டமும் கல்வியில் பின்தங்கியதுதானே. சண்டை இரண்டு ஏழைகளுக்கு நடுவே விழுந்தது. விழ வைத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

2009க்குப் பிறகு திரும்பி வந்தோம், பாதிப் பேர் வந்தோம், வந்து மறுபடி போனோம். இரண்டு இடத்திலும் வீடு, இரண்டு இடத்திலும் மையவாடி. இன்று படிவம் நிரப்பும் பிள்ளை பிறக்கும்போது வெளியேற்றம் நடந்து 17, 18 வருடம் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளை ‘நீ சந்தித்த கஷ்டம்’ என்ற பெட்டியில் 1990ஐத் தன் கண்ணால் கண்டது போல எழுதுகிறது. வள்ளம், இருட்டு, கண்ணீர். எல்லாப் பிள்ளையும் ஒரே வள்ளத்தில் வந்தது போல இருக்கிறது. வேறு சில பிள்ளைகள் அந்தப் பேச்சே வேண்டாமென்று பள்ளிமுனைப் பெருக்கு மரத்தைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். (மரம் பாவம், எத்தனை கட்டுரையைத்தான் தாங்கும்.) இப்போது கைபேசியிடம் கேட்டு வாங்கி ஒட்டுவதும் நடக்கிறது, அதில் ஊரே இருக்காது.

எங்கள் அபிப்பிராயம் இது. வெளியேற்றம் பிள்ளையின் கஷ்டம் அல்ல, பிள்ளையின் பரம்பரைச் சொத்து. அதை விற்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். இந்தப் பிள்ளையின் சொந்தக் கஷ்டம் வேறு மாதிரியானது: இரண்டு பாடசாலை மாறியதில் விட்டுப் போன கணிதப் பாடம், வாப்பா மன்னாரில் கடலுக்குப் போக உம்மாவோடு புத்தளத்தில் இருந்த வருடங்கள், மூத்தம்மா ‘ஊர்’ என்று சொன்னால் அது எந்த ஊர் என்று நின்று யோசிக்க வேண்டியிருப்பது. படிவத்தில் ‘சொந்த மாவட்டம்’ என்ற இடத்தில் கணினி ஒன்றைத்தான் தெரிவு செய்ய விடும். இரண்டையும் எழுத இடம் அந்த 250 சொல்லில் மட்டும்தான் இருக்கிறது.

கஷ்டமே இல்லாத பிள்ளை கஷ்டத்தைத் தேடவும் வேண்டாம். கருவாடு காயப் போடும்போது உப்பு என்ன செய்கிறது என்று யோசித்ததால் இரசாயனவியல் பிடித்தது என்று ஒரு பிள்ளை எழுதினால், அது போதும். வாசிக்கும் ஆளுக்கு அது புதிது; எழுதும் பிள்ளைக்கு அது உண்மை.

ஒரு வேலை மட்டும் அவசரம். 1990இல் 40 வயதில் இருந்தவர்களுக்கு இப்போது 75 தாண்டிவிட்டது. என்ன கொண்டு வந்தீர்கள், எந்தச் சான்றிதழை விட்டு வந்தீர்கள், கற்பிட்டியில் முதல் இரவு யார் வீட்டில் படுத்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்டு, திகதி போட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். விண்ணப்பத்துக்கு அதில் ஒரு வரி உதவலாம், உதவாமலும் போகலாம். கொப்பி வீட்டில் இருக்கட்டும்.

படிவம் நிரப்பும் பிள்ளைகள் தாங்களே எழுதிய முதல் பிரதியைக் கொண்டு வாருங்கள். தமிழில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை, ஆங்கிலத்தைப் பிறகு பார்க்கலாம். வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் சில ஆசிரியர்கள் இருப்போம். கூட வரும் உம்மாமார் தயவுசெய்து பிள்ளைக்காகப் பதில் சொல்ல வேண்டாம்.