ரோஸ் குவார்ட்ஸ்: அந்த இளஞ்சிவப்புக் கல்லில் அப்படி என்னதான் இருக்கு?

ஃபேஸ் ரோலர், பிரேஸ்லெட், ஆபீஸ் மேசையில் வைக்க ஒரு குட்டிக் கல்... ஆன்லைனில் எங்கே பார்த்தாலும் ரோஸ் குவார்ட்ஸ். நீங்களும் கார்ட்டில் போட்டு வைத்திருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க.

இது என்ன கல்?

சிலிக்கன் டை ஆக்சைடு. ஆற்று மணலில் அதிகம் இருக்கும் அதே பொருள்தான். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதற்கு 7. சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 5.5. அதனால் அசல் கல் கண்ணாடியைக் கீறும். கல்லுக்குள் உருண்டையான காற்றுக்குமிழ்கள் தெரிகிறதா? அது கண்ணாடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எப்படி உருவாகிறது?

பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகும்போது, கடைசியாக மிஞ்சும் பகுதி 'பெக்மடைட்' என்ற பாறையாகிறது. அதற்குள் பெரிய கட்டிகளாக இது கிடைக்கிறது. பிரேசிலும் மடகாஸ்கரும் முக்கிய உற்பத்தியாளர்கள்.

அந்த நிறம்?

கால்டெக் ஆய்வாளர்கள் கல்லை அமிலத்தில் கரைத்துப் பார்த்தார்கள். மிஞ்சியவை டூமோர்டியரைட் என்ற கனிமத்தை ஒத்த, மிக நுண்ணிய இளஞ்சிவப்பு இழைகள். 2001இல் வெளியான ஆய்வு இது. கல் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதற்கும் இந்த இழைகள்தான் காரணம்.

காதல், தூக்கம், மன அமைதி எல்லாம் தருமா?

அறிவியல் ஆதாரம் இல்லை. ரோலர் முகத்தில் பட்டதும் ஜில்லென்று இருக்கும், உண்மைதான். கல் நம் உடல் வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அழகுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.

அப்போ பிரச்சினை எங்கே?

பட்டறையில். குவார்ட்ஸை அறுத்து, தேய்த்து மெருகேற்றும்போது நுண்ணிய சிலிக்கா தூசி பறக்கும். அதை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரலில் தழும்பு விழும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் வரும் ஆபத்தும் கூடும். குஜராத்தின் கம்பாத் நகரில், குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்த அகேட் கல்லைத் தேய்க்கும் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்த நோயோடு போராடுகிறார்கள்.

தண்ணீர் விட்டு அறுப்பதும், தூசியை உறிஞ்சும் இயந்திரம் வைப்பதும் இந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும். மெருகேற்றி முடித்த கல்லை அணிவதால் உங்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

அதனால் அடுத்த முறை விற்பவரிடம் 'ஒரிஜினலா?' என்பதோடு நிறுத்தாதீங்க. 'எங்கே அறுத்தது? தூசிக்கு என்ன பாதுகாப்பு?' என்றும் கேளுங்க. பதில் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால், அங்கேயே வாங்குங்க.