வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்கு அல்ல: இறகைப் பார்த்து அடையாளம் காண்போம்

கோல சிலாங்கூர் ஆற்றோரமோ சிங்கப்பூர் சுங்கை பூலோ சதுப்புநிலமோ, வெள்ளையாக எது நின்றாலும் "அதோ கொக்கு" என்றுதான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அந்தக் கூட்டத்தில் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள ஒரு நாரையும் நிற்கக்கூடும்.

முதலில் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு உண்ணிக்கொக்கு பழக்கமானது. மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காகக் கூடவே நடக்கும். செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வரும்போது முழு வெள்ளை. மார்ச், ஏப்ரலில் திரும்பும் முன் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு நிறமாகிவிடும். வேறு பறவை என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு.

சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நின்றால் பாதம் தெரியாது. பறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அனுபவசாலிகளையே திணறடிப்பது மடையான். சீன மடையானும் ஜாவா மடையானும் இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற மாதங்களில் பழுப்புக் கோடுகளோடு ஒரே மாதிரி இருக்கும். அப்போது வெறும் "மடையான்" என்று குறித்துக்கொள்வதே நேர்மை. மார்ச் கடைசியில் புது இறகு வந்ததும் குட்டு வெளிப்படும். இரண்டுக்கும் முதுகு கறுப்பு. ஆனால் சீன மடையானின் தலையும் கழுத்தும் அடர் செம்பழுப்பு, ஜாவா மடையானின் தலை வெளிர் பொன்னிறம். தமிழ்நாட்டு வயல்களில் நிற்பது இந்திய மடையான். அதற்கு முதுகுதான் செம்பழுப்பு.

இனி அந்த நாரை. மலாயில் 'போத்தாக் உப்பே' எனப்படும் பால் நாரைக்குத் தீபகற்பத்தில் பேர்பெற்ற இடம் பேராக்கின் கோல குலா. உடல் வெள்ளை, சிறகோரம் கறுப்பு, இறகில்லாத சிவப்பு முகம், தடித்த மஞ்சள் அலகு. இளம்பறவை சாம்பல் பழுப்பாக இருக்கும். பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும். நாரை நீட்டியபடி பறக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த ஒன்றே போதும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூரில் விலங்குத் தோட்டத்திலிருந்து வெளியே பரவிய சங்குவளை நாரைகளோடு இது இணைந்து கலப்புக் குஞ்சுகள் பிறந்துள்ளன. கலப்பு பெருகினால் அசல் இனம் கரைந்துபோகும். மடித்த சிறகின் பின்பகுதியில் இளஞ்சிவப்போ, மார்பில் மங்கலான கறுப்புப் பட்டையோ தெரிந்தால் கலப்பாக இருக்கலாம். எனவே படம் எடுக்கும்போது முகத்தோடு நிறுத்தாமல், சிறகும் மார்பும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.