இலட்சுமணன் கோடு

பெங்களூரில் தொலைக்காட்சி நிலையம் தோன்றியது 1981-ஆம் ஆண்டில். மறு ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தில்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு தொடங்கிற்று. அலசூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருந்த தமிழர் இல்லங்களுக்கு அதன் வாயிலாக இந்தி நாடகத் தொடர்கள் வந்து சேர்ந்தன. அவை நம் குடும்ப வாழ்க்கையைப் பற்றி என்ன கூறின, நாம் அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் வந்தது 'ஹம் லோக்'. 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை அது ஒளிபரப்பாயிற்று. மெக்ஸிகோ நாட்டில் மிகுவேல் சபிதோ என்பார் நாடகத் தொடர்களின் வழியே மக்களுக்கு நற்கருத்துகளைப் புகட்டும் முறை ஒன்றை வகுத்திருந்தார். அதனைப் பின்பற்றிக் குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்களின் மேம்பாட்டையும் பரப்பவே இத்தொடர் திட்டமிடப் பெற்றது. மனோகர் சியாம் ஜோஷி எழுதினார். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நேயர்களிடம் அன்றைய நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவார்.

அதில் பாகவந்தி என்றொரு தாய். குடிகாரக் கணவனின் ஏச்சையும் மாமியாரின் இடியையும் வாய் திறவாது பொறுப்பவள். இவ்வாறு வாழ்தல் தகாது என்று பெண்கள் உணர வேண்டும் என்பதே அப்பாத்திரத்தைப் படைத்தோர் நோக்கம். ஆனால் விளைந்தது வேறு. எவரெட் ரோஜர்ஸ், அரவிந்த் சிங்கால் ஆகிய அறிஞர்கள் நேயர்களை ஆராய்ந்தபோது, பலர், பெண்களே பலர், பாகவந்தியைப் பின்பற்றத்தக்க உத்தமியாகக் கருதியமை புலனாயிற்று! பழமைக் கருத்துகளைத் தொலைக்காட்சி மக்கள்மீது திணித்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே புதுமையை ஊட்ட முயன்றது அரசாங்கம். பழமையை அதிலிருந்து வடித்தெடுத்துக்கொண்டவர் நேயர்.

1987-இல் வந்த 'மால்குடி டேஸ்' நமக்கு நெருங்கிய உறவு. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர் ஆர். கே. நாராயண், 1930-இல் விஜயதசமி நாளன்று பெங்களூரில்தான் மால்குடியை எழுதத் தொடங்கினார். கன்னடக் கலைஞர் சங்கர் நாக் அதனை ஆகும்பேயில் படமாக்கினார். சுவாமியின் தந்தையாகக் கிரீஷ் கர்னாட் நடித்தார். தந்தையின் அதட்டலுக்கு அவ்வீடு அடங்குகிறது. எனினும் அந்த அதட்டலைக் கண்டு நாம் நகைக்கவும் முடிகிறது. இத்தகைய மென்மை பிற்காலத் தொடர்களில் அரிதாயிற்று என்பது என் எண்ணம்.

அதே 1987, ஜனவரி 25-ஆம் நாள், இராமானந்த் சாகரின் 'இராமாயணம்' தொடங்கியது. ஞாயிறு காலையில் தெருவே வெறிச்சோடிவிடும். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. எதிர் வீட்டுக் கன்னட அம்மையார் கூடத்தில் அனைவரும் கூடுவோம். அவர் இந்தி கற்றவர். உரையாடலைக் கன்னடத்தில் சொல்வார். என் தாயார் அதைத் தமிழாக்கிப் பாட்டிக்குச் சொல்வார். இன்று மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு அக்கூடமே முதற்பள்ளி.

பர்ணசாலையின் முன் இலட்சுமணன் அம்பினால் கோடு கிழித்த காட்சி வந்தது. கோட்டைக் கடந்ததனால் சீதைக்குத் துன்பம் நேர்ந்தது. பாட்டி உடனே, "கம்பனில் ஏதடி கோடு?" என்றாள். அவள் கூறியது மெய். வான்மீகியின் ஆரணிய காண்டத்திலும் இக்கோடு இல்லை. துளசிதாசரும் சீதையைக் கவரும் இடத்தில் இதனைக் கூறவில்லை. பின்னர் இலங்கைக் காண்டத்தில் மண்டோதரியின் வாய்மொழியாகவே குறிப்பிடுகிறார். வங்காளத்துக் கிருத்திவாசர் முதலிய பிற்காலத்தார் நூல்களிலும் நாட்டு வழக்கிலும் வழங்கிய கோட்டினைத் தொலைக்காட்சி நாடு முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டது. கம்பனின் இராவணனோ சீதையைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். அங்கே சீதை மீறியதற்கு ஒரு வரம்பே கிடையாது.

இது வெறும் பாட ஆராய்ச்சி அன்று. அவ்வாண்டு என் தமக்கை மாலைநேரத் தட்டெழுத்து வகுப்பில் சேர விரும்பினாள். "இலட்சுமணன் கோட்டைத் தாண்டாதே அம்மா" என்றார் தந்தையார். அதற்குமுன் எங்கள் வீட்டில் அச்சொல்லை நான் கேட்டதில்லை. பாட்டி ஒன்றும் வாதாடவில்லை. "நான் துணைக்குப் போகிறேன்" என்றாள். ஆறு மாதமும் வகுப்பின் வாயிற்படியில் உட்கார்ந்திருந்தாள். கோடு அழிந்தது என்பதா, சற்றே தள்ளி வரையப்பட்டது என்பதா?

சாகருக்கும் தயக்கம் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. அக்கினிப் பிரவேசத்தில், கவர்ந்து செல்லப்பட்டவள் நிழற்சீதையே, மெய்ச்சீதை அக்கினியிடம் இருந்தாள் என்ற துளசிதாசர் வழியை அவர் கைக்கொண்டார். இலட்சுமணன் சினந்து எதிர்ப்பதாகவும் அமைத்தார். 1980-களின் பெண்களிடம் அக்காட்சியை அப்படியே காட்ட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

2020 மார்ச்சு 28 முதல், ஊரடங்குக் காலத்தில், தூரதர்ஷன் அத்தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. இம்முறை எங்கள் சொந்தக் கூடத்திலேயே பார்த்தோம். கோட்டுக் காட்சி வந்ததும் தமக்கை பெங்களூரின் மறுகோடியிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "பாட்டியின் கம்பராமாயணப் புத்தகம் உன்னிடம்தானே இருக்கிறது?" என்று கேட்டாள்.