எலிஸ்டா கணினி ஒப்பீட்டுச் சர்ச்சை

எலிஸ்டா கணினி ஒப்பீட்டுச் சர்ச்சை என்பது 2006 ஆம் ஆண்டு உலக சதுரங்க வாகையாளர் போட்டியில் விளாதிமிர் கிராம்னிக் ஆடிய நகர்வுகள், பிரிட்ஸ் 9 என்னும் சதுரங்க நிரலின் பரிந்துரைகளுடன் மிகையாக ஒத்துப்போவதாக எழுப்பப்பட்ட குற்றச்சாட்டையும் அதையொட்டிய விவாதங்களையும் குறிக்கும். முறைகேட்டுக்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. எனினும், கணினி தேர்ந்தெடுக்கும் நகர்வையே ஒருவர் ஆடினால் அதிலிருந்து எதை முடிவு செய்யலாம் என்ற வினா முறையான ஆய்வுக்கு வித்திட்டது.

பின்னணி

இப்போட்டி உருசியாவின் கல்மீக்கியக் குடியரசின் தலைநகரான எலிஸ்டாவில் செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 13 வரை நடைபெற்றது. 2000 இல் காஸ்பரோவை வென்ற கிராம்னிக்கும், பன்னாட்டு சதுரங்கக் கூட்டமைப்பின் (பிடே) வாகையாளரான பல்கேரியாவின் வெசலின் தோப்பலோவும் இதில் மோதினர். முதலிரு ஆட்டங்களில் கிராம்னிக் வென்றார். அடுத்த இரண்டும் சமனாயின. பின்னர் தோப்பலோவின் மேலாளர் சில்வியோ தனைலோவ், கிராம்னிக் அடிக்கடி கழிவறைக்குச் செல்வதாக முறையிட்டார். மேன்முறையீட்டுக் குழு தனிக் கழிவறைகளை மூடியது. இதை எதிர்த்து கிராம்னிக் 5 ஆவது ஆட்டத்தில் ஆட மறுத்ததால் அப்புள்ளி தோப்பலோவுக்கு வழங்கப்பட்டது. குழுவினர் மாற்றப்பட்ட பின்னர் அக்டோபர் 2 அன்று போட்டி தொடர்ந்தது.

புள்ளிவிவர அறிக்கை

அக்டோபர் 4 அன்று தனைலோவ், கிராம்னிக்கின் நகர்வுகளில் எத்தனை பிரிட்ஸ் 9 இன் பரிந்துரைகளுடன் ஒத்துள்ளன என்பதை ஆட்டவாரியாக விழுக்காட்டில் வெளியிட்டார்.

ஒப்பீட்டின் குறைபாடுகள்

இத்தகைய கணக்கீட்டில் பின்வரும் சிக்கல்கள் உள்ளன:

* ஒரு காய் வெட்டப்பட்டதும் அதைத் திருப்பி வெட்டுவது போன்ற கட்டாய நகர்வுகளை எந்த ஆட்டக்காரரும் நிரலும் ஒன்றுபோலவே ஆடுவர்.
* தேடல் ஆழம், அளிக்கப்படும் நேரம், கணினியின் வேகம் ஆகியவற்றுக்கேற்ப ஒரே நிரலின் பரிந்துரை மாறும். எனவே ஒத்துப்போகும் தருணத்தை மட்டும் தேர்ந்தெடுக்க இயலும்.
* முன்னணி ஆட்டக்காரர்களின் நகர்வுகளில் பாதிக்கு மேற்பட்டவை இயல்பாகவே நிரல்களுடன் ஒத்துப்போகும். ஒப்பிடுவதற்கான அடிப்படை அளவு இன்றி விழுக்காடு மட்டும் எதையும் நிறுவாது.

2 ஆவது ஆட்டத்தின் 32 ஆவது நகர்வில், கோட்டையால் வெட்டி வெல்லும் வாய்ப்பைத் தோப்பலோவ் தவறவிட்டார். நிரல்கள் இதனை விரைவில் கண்டறிந்தன. அவ்வாய்ப்பை அளித்தவர் கிராம்னிக் என்பதால், அவர் கணினி உதவி பெற்றார் என்ற கருத்துடன் இது பொருந்தவில்லை.

பின்விளைவுகள்

12 ஆட்டங்களின் முடிவில் இருவரும் 6-6 எனச் சமநிலை அடைந்தனர். அக்டோபர் 13 அன்று விரைவு ஆட்டங்களில் 2.5-1.5 என வென்று கிராம்னிக் ஒருங்கிணைந்த உலக வாகையாளரானார். அவ்வாண்டு இறுதியில் செருமனியின் பான் நகரில் டீப் பிரிட்ஸ் நிரலிடம் 2-4 எனத் தோற்றார். அதில் ஓர் ஆட்டத்தில் ஒரே நகர்வில் நேரவிருந்த இறுதி முற்றுகையைக் கவனிக்கத் தவறினார்.

எலிஸ்டா சர்ச்சையால் தூண்டப்பட்டு, பபலோ பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியரும் பன்னாட்டு மாஸ்டருமான கென்னத் ரீகன் இத்துறையில் ஆய்வைத் தொடங்கினார். அவரது முறையில், ஒவ்வொரு நிலையிலும் உள்ள மாற்று நகர்வுகளின் மதிப்பும் ஆட்டக்காரரின் எலோ தரவரிசைப் புள்ளியும் கொண்டு எதிர்பார்க்கத்தக்க ஒத்திசைவு கணிக்கப்படுகிறது. உண்மை அளவு அதிலிருந்து எத்தனை நியமவிலக்கம் விலகுகிறது என்பதே நோக்கப்படுகிறது. பிடே பின்னாளில் இம்முறையைப் பயன்படுத்தியது. 2023 முதல் கிராம்னிக் தாமே இணையவழி ஆட்டக்காரர்கள் சிலர் மீது புள்ளிவிவர அடிப்படையில் ஐயங்களை எழுப்பியதும், அதே வினா மீண்டும் விவாதத்திற்கு வந்தது.