அடர்த்தி என்னும் கருத்தின் சமூக மூலங்கள்

திணிவைக் கனவளவால் வகுக்கப் பெறப்படுவது அடர்த்தி என்பது பாடநூல் வரைவிலக்கணம். அதனையடுத்து ஆக்கிமிடீசு குளியல் தொட்டியிலிருந்து எழுந்தோடிய கதையும் தவறாது வந்துவிடுகிறது. மேதையொருவரின் திடீர் ஒளிக்கீற்றே அறிவியலின் தோற்றுவாய் என்ற கருத்துமுதல்வாத மயக்கத்துக்கு இக்கதை நெடுங்காலம் துணைபோயுள்ளது.

அவர் மறைந்து (கி.மு. 212) ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் உரோமானியக் கட்டடக்கலைஞர் விற்றுருவியசு எழுதிவைத்த கதை இது. மிதக்கும் பொருள்கள் பற்றிய ஆக்கிமிடீசின் நூலிலோ பொன்முடி பற்றிய பேச்சே இல்லை. ஆயினும் கதை ஓருண்மையைத் தன்னையறியாமலே வெளியிடுகிறது. வினா எழுந்தது தொட்டியிலன்று. மன்னனுக்கும் பொற்கொல்லனுக்குமிடையிலான கொடுக்கல் வாங்கலிலேயே எழுந்தது. பொன்னைக் களவாடி அதே நிறைக்கு வெள்ளியைக் கலந்தால் தராசு ஏமாறும், கனவளவு ஏமாறாது. ஒரு கிலோகிராம் பொன் ஏறத்தாழ 52 கன சென்ரிமீற்றர் இடங்கொள்ள, வெள்ளிக்கு 95 வேண்டும்.

இவ்வினாவை மத்திய ஆசியாவின் மர்வு நகரில் கருவூலத் தேவை மீண்டும் எழுப்பிற்று. கிரேக்க வழிவந்த அடிமையாயிருந்த அல்-காசினி, 1121இல் எழுதிய 'ஞானத் தராசு' என்னும் நூலில், நீரில் நிறுத்து உலோகங்களினதும் மணிகளினதும் தூய்மையைத் துணியும் முறைகளை விரித்துரைத்தார். அல்-பிரூனியின் அளவீடுகளும் அதில் இடம்பெற்றன. நமது பாடநூல்கள் இவ்விருவரையும் அறியா. தொட்டியை மட்டும் அறியும்.

1586இல், 22 வயதுக் கலிலியோ, வழிந்த நீரை அளக்கும் முறை பருமட்டானதென ஒதுக்கித் தராசுக்கே திரும்பினார். அதன் கோலில் மென்கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அச்சுற்றுக்களை எண்ணியே கலப்பின் விகிதத்தைக் கணித்தார்.