பாம்பின் பெயரில் ஒரு தோட்டத் துரை

பதுளை நகரைச் சூழ்ந்த மலைகளில் மழை ஓய்ந்த காலை வேளையில் வேலைக்குச் செல்வோர், கான் ஓரத்திலோ எருக்குழியின் அருகிலோ சிறு பாம்பொன்றைச் சில சமயங்களில் காண்பதுண்டு. அதன் தலை கூரியது. கண்களோ கடுகினும் சிறியவை. வால் மட்டும் வெட்டிவிட்டாற்போல மழுங்கிச் சொரசொரப்பாக முடிந்திருக்கும். வாலைத் தலையென்று கருதி, இரண்டு தலைப் பாம்பு என்று அஞ்சி அதனை அடித்துக் கொல்வோரும் உளர். ஆனால் அதற்கு நஞ்சு இல்லை. மண்புழுவைத் தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மடியும் எளிய உயிர் அது.

இந்தச் சாதுவான பாம்புக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் 'ரைனோபிஸ் டிரம்மண்ட்ஹேயி' என்பதாகும். இப்பெயரின் முற்பாதி கிரேக்க மொழியிலிருந்து வந்தது. மூக்குடைய பாம்பு என்பது அதன் பொருள். பிற்பாதி ஒரு மனிதரின் பெயர். எச். எம். டிரம்மண்ட்-ஹே என்பவர் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இலங்கையில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்தவர். பாம்புகளைத் திரட்டுவதில் பேரார்வம் கொண்டவர். ஒரு தோட்டத் துரையின் பெயர் மண்ணுக்குள் வாழும் பாம்புக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது ஊவா மலைநாட்டின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் செய்தியாகும்.

உயிரினங்களுக்கு இலத்தீன் முறைப்படி இருசொற் பெயரிடும் வழக்கத்தை நிலைநாட்டியவர் சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ். விலங்குகளின் பெயர்களுக்கு அவருடைய நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு புதிய உயிரினத்தை முதன்முதலில் முறைப்படி விவரித்து வெளியிடுபவருக்கே அதற்குப் பெயர் சூட்டும் உரிமை உண்டு. பெயர் சூட்டுபவர் தம் பெயரையே வைத்துக்கொள்வது மரபன்று. தமக்கு உதவியவர், அந்த உயிரினத்தைத் தேடிக் கொணர்ந்தவர், அல்லது தேடும் பயணத்துக்குப் பொருளுதவி புரிந்தவர் ஆகியோரின் பெயரை இட்டு நன்றி செலுத்துவதே வழக்கம். இங்கிலாந்தில் வால்டர் ரோத்ஷில்ட் பிரபு தம் செல்வத்தைக் கொண்டு உலகெங்கும் சேகரிப்பாளர்களை அனுப்பினார். அதனால் நூற்றுக்கு மேற்பட்ட உயிரினங்கள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இலங்கையின் மலைநாட்டில் அத்தகைய பெருஞ்செல்வர்கள் இருந்ததில்லை. இங்கே புரவலரின் இடத்தில் இருந்தவர்கள் தோட்டத் துரைமார்களே. நூதனசாலையிலிருந்து வந்த அறிஞருக்குத் தங்க இடமும், வழிகாட்ட ஆளும், சாராயத்தில் ஊறவைத்த மாதிரிகளும் துரையின் பங்களாவில்தான் கிடைத்தன.

இவ்வழக்கம் தேயிலைக்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே ஊவாவில் வேரூன்றியிருந்தது. அப்புத்தளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் நடத்திய சாமுவேல் பிளை என்பவர் பறவைகளை ஆராய்வதில் ஈடுபட்டிருந்தார். மலையோடைகளின் பாறைகளிடையே வாழும், தோளில் நீலநிறம் மின்னும் கரிய பறவையொன்றுக்கு 1872ஆம் ஆண்டில் ஹோல்ட்ஸ்வர்த் என்னும் அறிஞர் பிளையின் பெயரைச் சூட்டினார். ஹோல்ட்ஸ்வர்த்தோ முத்துச் சிப்பிகளை ஆராய இலங்கைக்கு வந்தவர். கடலை ஆராய வந்தவர் மலைப் பறவைக்குப் பெயர் வைத்தார் என்றால், அதற்குக் காரணம் மலையிலிருந்த தோட்டக்காரர்களின் தொடர்பேயாகும். சீழ்க்கை ஒலி எழுப்பும் அப்பூங்குருவி இலங்கையன்றி வேறெந்த நாட்டிலும் இல்லை; இன்று அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது.

பிளையின் காலத்திலேயே கோப்பியின் அழிவும் தொடங்கிவிட்டது. கோப்பி இலையைத் தாக்கிய துருநோய் 1869ஆம் ஆண்டில் இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் கோப்பி மலைகள் பாழாயின. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டுப் பதுளை அதன் தலைநகராயிற்று. 1924ஆம் ஆண்டில் புகையிரதம் பதுளையை எட்டியது.

தேயிலையின் காலத்தில் தோன்றியவரே டிரம்மண்ட்-ஹே. அவருடைய பெயரைப் பெற்ற பாம்புகள் இரண்டு. முதலாவது, காட்டு மண்ணிலும் உதிர்ந்த இலைகளின் அடியிலும் ஒளிந்து வாழும் 'அஸ்பிடுரா டிரம்மண்ட்ஹேயி'. பிரித்தானிய நூதனசாலையின் பேரறிஞர் பூலஞ்சே 1904ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் கொழும்பு நூதனசாலை 'ஸ்போலியா செய்லானிக்கா' என்னும் ஆய்வுச் சஞ்சிகையைத் தொடங்கியிருந்தது. அதிலேயே இந்தப் புதிய பாம்பின் விவரமும் அச்சேறியது. அஸ்பிடுரா என்னும் பேரினத்துப் பாம்புகள் அனைத்தும் இலங்கைக்கே உரியவை.

இரண்டாவது, தொடக்கத்தில் சொன்ன பதுளைப் பாம்பு. இதற்குப் பெயர் சூட்டியவர் பிராங்க் வால். அவர் நுவரெலியாவில் 1868ஆம் ஆண்டிற் பிறந்தவர். இலண்டனில் மருத்துவம் கற்று இந்திய மருத்துவச் சேவையில் பணியாற்றியவர். இலங்கைப் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1921ஆம் ஆண்டில் கொழும்பு நூதனசாலையின் வெளியீடாக வந்தது. அவ்வாண்டிலேயே ரைனோபிஸ் டிரம்மண்ட்ஹேயி என்னும் பெயர் விஞ்ஞான உலகில் நிலைபெற்றது.

இப்பாம்பு சேர்ந்த குடும்பத்தைக் கேடயவாற் பாம்புகள் எனலாம். உலகில் இவை வாழுமிடங்கள் இரண்டே: தென்னிந்தியாவும் இலங்கையும். முட்டையிடாமல் குட்டி ஈனுபவை. மண்ணைத் துளைப்பதில் இவற்றின் திறமை வியப்புக்குரியது. உடலின் முன்பகுதியிலுள்ள தசைகள் செந்நிறமானவை. களைப்பின்றி நெடுநேரம் உழைக்க வல்லவை. முதுகெலும்பு தோலுக்குள்ளேயே வளைந்து உடலைச் சுரங்கத்தின் சுவரோடு இறுக்கிக்கொள்ள, தலை ஊசியைப் போல் முன்னேறும். பின்பகுதி இழுபட்டுச் செல்லும். இதனை ஆராய்ந்து 1978ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்ட கான்ஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், சரக்குப் புகையிரதத்தை இதற்கு உவமையாக்கினர். முன்னே இயந்திரம், பின்னே பெட்டிகள். சுரங்கங்களைக் கடந்து தேயிலைப் பெட்டிகளை இழுத்துச் சென்ற பதுளை வண்டியைக் கண்டவர்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

ஆயினும் இவ்வரலாற்றில் எழுதப்படாத பகுதி ஒன்று உண்டு. மண்ணுக்குள் மறைந்து வாழும் பாம்பைக் குதிரைமீது ஏறிவரும் துரை காண்பது அரிது. மண்ணைக் கிளறுபவரே அதனைக் காண இயலும். தோட்டத்தில் மண்ணைக் கிளறியவர் யார்? விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, கங்காணி வழிகாட்டிய மலைக்குச் சென்று, கான் வெட்டியவர்களும், முள்ளுக் குத்தியவர்களும், நாற்றுக்குக் குழி தோண்டியவர்களும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களே. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். நூதனசாலையின் கண்ணாடிக் குப்பிகளிற் சேர்ந்த மண்ணுள் வாழும் பாம்புகளுட் பல அவர்களுடைய மண்வெட்டியின் முன்னே முதலில் வெளிப்பட்டிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. ஆனால் குப்பியின் சீட்டில் இடத்தின் பெயர் உண்டு, நாள் உண்டு, கொடுத்த துரையின் பெயர் உண்டு. கண்டெடுத்த கையின் பெயருக்கு அங்கே இடமில்லை.

இது துரையின் குற்றமென்று மட்டும் கூறிவிட முடியாது. கண்டது புதியதென உணர்வதற்கும், கெடாமற் காத்து உரியவரிடம் சேர்ப்பதற்கும் அறிவும் ஆர்வமும் வேண்டும். டிரம்மண்ட்-ஹேயிடம் அவை இருந்தன. அவர் இல்லையெனில் அப்பாம்புகள் பெயரின்றியே இன்னும் பல காலம் கிடந்திருக்கலாம். எனினும், பெயர் எழுதப்படாமை அம்மக்களுக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, மேலும் 1,50,000 பேரின் விதியைப் பிற்காலத்துக்கு ஒத்திவைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. ஓர் ஊவாப் பாம்பு உலகப் பட்டியலில் இடம்பெற்ற 1921ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால், அதனோடு அதே மண்ணில் உழைத்த மக்களுள் எஞ்சியோரின் பெயர் நாட்டின் பட்டியலில் ஏற மேலும் 82 ஆண்டுகள் சென்றன.

மனிதர் பெயரை உயிரினங்களுக்கு இடுவது முறையா என்னும் கேள்வி இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. மனிதர் பெயர் தாங்கிய பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை மாற்றப் போவதாக அமெரிக்கப் பறவையியற் சங்கம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆயின் விஞ்ஞானப் பெயர்களை அவ்வாறு மாற்றுவதில்லை என்பதே பெயரிடும் விதிகளைக் காக்கும் சர்வதேச ஆணைக்குழுவின் நிலைப்பாடு. ஆகவே டிரம்மண்ட்-ஹேயின் பெயர் அப்பாம்புகளை விட்டு நீங்கப் போவதில்லை. புதியனவற்றிற்கோ இலங்கையின் பெயர்களே இப்போது வருகின்றன. கால் இல்லாத அரணை ஒன்றுக்கு 1950ஆம் ஆண்டில் கொழும்பு நூதனசாலைத் தலைவர் தெரணியகலையின் பெயர் சூட்டப்பட்டது. 2017ஆம் ஆண்டில் சிவனொளிபாத மலைப்பகுதியிற் கண்டறியப்பட்ட அஸ்பிடுரா இனம் ஒன்று இராவணன் பெயரைப் பெற்றது.

பதுளையின் தேயிலை மலைகளில் முள்ளுக் குத்தும் வேலை இன்றும் நடைபெறுகிறது. மண்ணோடு மண்ணாகப் புரளும் மழுங்கிய வாலை முதலிற் காண்பவர் இன்றும் தொழிலாளியே. அது தீங்கற்றது, இலங்கையன்றி வேறெங்கும் இல்லாதது என்று அறிந்தவர், அடிக்க ஓங்கிய கையைத் தாழ்த்தி, அதனை மீண்டும் மண்ணுக்குள் செல்ல விடுவார். துரையின் பெயரைத் தாங்கிய அந்த உயிர் இனியும் பிழைத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கையைப் பொறுத்ததேயாகும்.